கட்டிக்கு நேராக மருந்து: அக்காவுக்காகக் கேட்ட தம்பிக்கு

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அக்காவுக்கு 47 வயது, மார்பகப் புற்றுநோய். இடது மார்பில் இருந்த கட்டி தோலைப் பிளந்து புண்ணாகிவிட்டது. அக்குளில் நெறி கட்டியிருக்கிறது. ஸ்கேனில் ஈரலில் மூன்று இடங்களிலும் முதுகெலும்பில் ஓர் இடத்திலும் பரவல் தெரிகிறது. வெளிநாட்டு மருத்துவமனை ஒன்று, மார்புக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயான தமனியிலேயே கீமோதெரபி மருந்தைச் செலுத்துவதாகவும், கட்டியில் மருந்தின் அடர்த்தி பல மடங்கு கூடும், முடி கொட்டாது, வாந்தி வராது என்றும் உங்களுக்கு எழுதியிருக்கிறது. கிணற்றடி நிலத்தை விற்று அக்காவை அங்கே அழைத்துப் போகலாமா என்று கேட்கிறீர்கள்.

இப்போது விற்காதீர்கள். பதிலை முதலிலேயே சொல்லிவிட்டேன். காரணத்தை இனிச் சொல்கிறேன். நான் மருத்துவர் அல்ல. புற்றுநோய் வார்டில் 31 ஆண்டுகள் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவள். அதில் பாதிக் காலம் கீமோதெரபி ஏற்றும் பிரிவில் கழிந்தது. தமனி வழியாக மருந்து கொடுக்கும்போது பக்கத்தில் நின்று சிரிஞ்சை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அந்த முறையை ஏமாற்று வேலை என்று நான் சொல்லமாட்டேன். அது பலன் தரும் இடங்கள் உண்டு. அக்காவின் நோய் அந்த இடங்களில் ஒன்றா என்பதுதான் கேள்வி.

வழக்கமான கீமோதெரபியில் கையில் நரம்பு தேடுகிறோம் என்போம். உண்மையில் அது சிரை, ரத்தத்தை இதயத்துக்குத் திரும்பக் கொண்டுவரும் குழாய். அதில் ஏறிய மருந்து இதயத்துக்குப் போய், நுரையீரலைச் சுற்றி, மறுபடி இதயத்துக்கு வந்து, அங்கிருந்து உடம்பு முழுவதற்கும் பிரிகிறது. இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தத்தை இறைக்கிறது. அதில் மார்புக்குக் கிடைக்கும் பங்கு மிகச் சிறியது. மருந்தும் அதே விகிதத்தில்தான் அங்கே போகும். அப்படியானால் மார்புக்குப் போகும் வாய்க்காலிலேயே மருந்தைக் கலந்தால் என்ன? பகுதி சார்ந்த கீமோதெரபியின் அடிப்படை யோசனை இவ்வளவுதான். 1950லேயே அமெரிக்காவில் கால்வின் க்ளாப் என்ற அறுவை மருத்துவர் தமனி வழியாக நைட்ரஜன் மஸ்டர்ட் மருந்தைச் செலுத்திப் பார்த்து எழுதிவிட்டார். உங்களுக்கு வந்த கடிதம் இதைப் புத்தம் புதிய முறை என்கிறது. இதற்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது.

தொடை இடுக்கில் மரக்க ஊசி போட்டு, தமனியில் சிறு துளையிட்டு, மெல்லிய கம்பியின் மேல் கதீட்டர் என்ற நுண்குழாயை ஏற்றி மேலே கொண்டுபோவார்கள். சாயத்தைச் செலுத்தியதும் திரையில் ரத்தக்குழாய் இலையுதிர்ந்த வேப்பங்கிளை போலக் கறுப்பாக விரியும். கட்டி இருக்கும் இடத்தில் மட்டும் அது ஒழுங்கில்லாமல் புதர் மாதிரி அடர்ந்து தெரியும். மார்புக்கு ரத்தம் கொடுப்பதில் பெரிய பங்கு மார்பெலும்பின் ஓரமாக இறங்கும் உள் மார்புத் தமனிக்கு. இதய பைபாஸ் அறுவையில் எடுத்து ஒட்டுகிறார்களே, அதே தமனிதான். மிச்சம் அக்குள் பக்கத்திலிருந்தும் விலா எலும்புகளுக்கு இடையிலிருந்தும் வருகிறது. ஒரு தமனியைப் பிடித்தால் மார்பு முழுவதையும் பிடித்ததாகாது என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

மருந்து கட்டியைக் கடந்து போன பிறகு எங்கே போகிறது? சிரையில் இறங்கி, இதயத்துக்குப் போய், உடம்பு முழுவதும் சுற்றத்தான் செய்கிறது. இரண்டாவது சுற்றிலிருந்து அது கைவழியாக ஏற்றிய மருந்துக்கு வேறல்ல. முதல் சுற்றில் எவ்வளவு மருந்தை அந்த இடம் பிடித்து வைத்துக்கொள்கிறதோ, அதுதான் இந்த முறையின் லாபம். அந்த லாபம் எல்லா மருந்துக்கும் கிடையாது. மார்பகப் புற்றுநோய்க்கு நெடுங்காலமாகக் கொடுத்துவரும் சைக்ளோபாஸ்பமைடு, ஈரலில் போய் மாறிய பிறகுதான் வேலையே செய்யும். அதை மார்புத் தமனியில் செலுத்தி ஒரு பயனும் இல்லை. ஈரலுக்கு நேராகக் கொடுக்கும் ஃப்ளாக்ஸுரிடின் என்ற மருந்து இதற்கு நேர்மாறு. முதல் சுற்றிலேயே ஈரல் அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பிடித்துக்கொள்கிறது. குடல் புற்றுநோய் ஈரலுக்குப் பரவும்போது வயிற்றுத் தோலுக்கு அடியில் சிறு பம்ப் வைத்து இம்மருந்தைக் கொடுக்கும் முறை அதனால்தான் இன்றும் நிலைத்திருக்கிறது. முடி கொட்டாது, வாந்தி வராது என்பதெல்லாம் தமனியின் மகிமையால் வருவதில்லை. கொடுக்கும் மொத்த அளவு குறைவாக இருந்தால் அவையும் குறையும். ஆனால் மொத்த அளவு குறைந்தால் ஈரலுக்கும் முதுகெலும்புக்கும் போய்ச் சேரும் மருந்தும் குறைகிறதே, அதை அந்தக் கடிதம் சொல்லவில்லை.

இந்த முறை உண்மையிலேயே ஜெயித்த இடங்கள் இருக்கின்றன. 1957ல் நியூ ஆர்லியன்ஸில் ஆஸ்கர் க்ரீச், எட்வர்ட் கிரெமென்ட்ஸ் ஆகியோர், மெலனோமா என்ற தோல் புற்றுநோய் பரவிய காலின் ரத்த ஓட்டத்தை உடம்பிலிருந்து தனியே பிரித்து, இயந்திரத்தின் வழியே சுற்றவிட்டு, மெல்ஃபலான் மருந்தைக் கலந்தார்கள். பல கால்கள் வெட்டப்படாமல் தப்பின. குழந்தைகளின் கண்ணில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமாவுக்கு, கண்ணுக்குப் போகும் நூல் போன்ற தமனியிலேயே சில மில்லிகிராம் மெல்ஃபலான் கொடுக்கும் முறையை 2006 முதல் நியூயார்க்கில் டேவிட் ஆப்ரம்சன் குழு செய்துகாட்டியது. முன்பெல்லாம் தோண்டி எடுக்க வேண்டியிருந்த கண்கள் இப்போது காப்பாற்றப்படுகின்றன. கண்ணில் வரும் மெலனோமா ஈரலுக்குப் பரவும்போது, ஈரலின் ரத்தத்தைத் தனியாக வடிகட்டியபடி மருந்து கொடுக்கும் கருவிக்கு 2023ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கால், கண், ஈரல் என்று இந்த மூன்றிலும் பொதுவானது ஒன்று உண்டு: நோய் ஓரிடத்தில் அடங்கியிருக்கிறது, அந்த இடத்தின் ரத்த ஓட்டத்தைத் தனியே பிடிக்கவும் முடிகிறது.

மார்பை அப்படிப் பிடிக்க முடியாது. காலைப் பட்டை போட்டு இறுக்கலாம், மார்பை எப்படி இறுக்குவது? ஜெர்மனியில் பவேரியாவின் புர்க்ஹவுசன் ஊரில் கார்ல் ஐக்னர் என்ற அறுவை மருத்துவர் இதற்கும் ஒரு வழி செய்தார். உதரவிதானத்துக்கு அருகே பெருந்தமனியையும் பெருஞ்சிரையையும் பலூனால் அடைத்து, இரண்டு கைகளிலும் பட்டையை இறுக்கி, சில நிமிடங்களுக்கு மார்பையும் தலையையும் மட்டும் தனிச் சுற்றாக்கி மருந்தைச் செலுத்துவார். பிறகு ரத்தத்தை வடிகட்டி மிஞ்சிய மருந்தை அகற்றுவார். துணிச்சலான வேலை. கட்டிகள் சுருங்கின என்று அவர் குழு எழுதியதை நான் நம்புகிறேன். ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் பலர் சாதாரணத் தமனி ஊசி முறையில் மார்பகக் கட்டியைச் சுருக்கிக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் எல்லாம் சிறு எண்ணிக்கையிலான நோயாளிகள். பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் தமனியிலும் மறு பாதிக்குச் சிரையிலும் கொடுத்து, யார் அதிக நாள் நன்றாக இருந்தார்கள் என்று ஒப்பிட்டு, தமனிதான் மேல் என்று நிறுவிய பெரிய ஆய்வு எதுவும் இல்லை. இதற்கு ஆபத்துகளும் உண்டு. தமனிக்குள் ரத்தம் உறையலாம், மார்புத் தோல் கொப்புளித்துக் கருகலாம், மருந்து பக்கத்துக் கிளைக்குள் வழிந்தால் கையின் நரம்பையோ மூளைக்குப் போகும் ரத்தத்தையோ தொடலாம்.

கட்டி சுருங்கினால் போதாதா என்று கேட்பீர்கள். கட்டியைச் சுருக்கக் கைச்சிரையே பெரும்பாலும் போதும், தம்பி. அமெரிக்காவில் 1988ல் தொடங்கிய ஆய்வு ஒன்றில், அறுவைக்கு முன் சாதாரண கீமோதெரபி எடுத்த பெண்களில் பத்தில் எட்டுப் பேருக்குக் கட்டி பாதியோ அதற்கு மேலோ குறைந்தது. அவர்கள் அக்காவை விட முந்திய நிலையில் இருந்தவர்கள் என்பது உண்மை. ஆனால் மருந்து கட்டிக்குப் போய்ச் சேரவில்லை என்ற பேச்சுக்கு அதில் பதில் இருக்கிறது. எங்கள் பிரிவில் டாக்ஸோரூபிசினைச் ‘சிவப்பு மருந்து’ என்பார்கள். ரோஜா ஷர்பத் நிறத்தில் சிரிஞ்சில் இருக்கும். ஓடும் சலைனோடு சேர்த்து மெல்ல மெல்லத் தள்ளுவோம். மூன்றாவது முறை வரும்போதே கல்லாக இருந்த மார்பு இளகியிருப்பதை எத்தனையோ பேரிடம் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

அதை விடக் கடினமான உண்மை ஒன்று இருக்கிறது. பரவிய மார்பகப் புற்றுநோயில் உயிரை எடுப்பது பெரும்பாலும் மார்பில் இருக்கும் கட்டி அன்று. ஈரல், நுரையீரல், மூளை, இவைதான். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் ராஜேந்திர பட்வே குழு இதை நேராகவே சோதித்தது. பரவிய நிலையிலேயே வந்து, கீமோதெரபிக்கு நோய் குறைந்த 350 பெண்கள். பாதிப் பேருக்கு மார்பகத்தையும் அக்குள் நெறியையும் அறுவை, கதிர்வீச்சு மூலம் முழுதாகக் கவனித்தார்கள்; மற்றவர்களுக்கு அதைச் செய்யவில்லை. 2015ல் முடிவு வந்தது. இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் உயிரோடு இருந்த காலம், மார்பைக் கவனித்தவர்களுக்கு 19.2 மாதம், கவனிக்காதவர்களுக்கு 20.5 மாதம். மார்பில் நோய் அடங்கியது, ஆயுள் கூடவில்லை. பின்னர் அமெரிக்காவில் நடந்த ஆய்வும் இதையே சொன்னது. துருக்கி ஆய்வு ஒன்று மட்டும் மாறாகச் சொன்னது என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால் கத்தியால் முழுதாக எடுத்தும் கூடாத ஆயுள், தமனியில் மருந்து விட்டுச் சுருக்கினால் கூடும் என்று எதை வைத்து நம்புவது?

மருந்தின் அடர்த்தி கூடினால் பலனும் கூடும் என்ற வாதத்தையும் உலகம் ஒருமுறை நம்பிப் பார்த்துவிட்டது. 1990களில், எலும்பு மஜ்ஜையே அழியும் அளவுக்குக் கீமோதெரபியைக் கொடுத்து, முன்கூட்டியே எடுத்து வைத்த அவரவர் மஜ்ஜையை மறுபடி ஏற்றும் சிகிச்சை மார்பகப் புற்றுநோய்க்குப் பெரிதாகப் பேசப்பட்டது. காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுத்தால் வழக்குப் போட்டார்கள். ஊர் கூடி நிதி திரட்டினார்கள். பல்லாயிரம் பெண்கள் அந்த வேதனைக்குள் போனார்கள், சிலர் அந்தச் சிகிச்சையிலேயே இறந்தார்கள். 1999ல் தென்னாப்பிரிக்க மருத்துவர் வெர்னர் பெஸ்வோடா தன் ஆய்வில் மிகுந்த பலன் கிடைத்ததாக அறிவித்தார். அடுத்த ஆண்டு தணிக்கைக் குழு போய்ப் பார்த்தபோது அந்த ஆய்வு பொய் என்று தெரிந்தது, அவரும் ஒப்புக்கொண்டார். அதே 2000ல் வெளிவந்த நேர்மையான ஆய்வில், பரவிய நோய் உள்ளவர்களில் மூன்று ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் மஜ்ஜை மாற்றில் நூற்றுக்கு 32, சாதாரண அளவில் 38. ‘பல மடங்கு அடர்த்தி’ என்று யார் சொன்னாலும் எனக்கு அந்தப் பெண்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

என் வார்டுக்கு வந்த ஒரு நெசவாளர் வீட்டுப் பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊரும் பேரும் வேண்டாம், அவர் போன மருத்துவமனையின் பெயரும் வேண்டாம். தறிகளை விற்று வெளிநாடு போய் மூன்று முறை தமனியில் மருந்து வாங்கி வந்தார். மார்புப் புண் உண்மையாகவே காய்ந்திருந்தது. அவர் கணவர் முன்னும் பின்னும் எடுத்த படங்களை எல்லோரிடமும் காட்டி மகிழ்ந்தார். நான்கு மாதத்தில் கண் மஞ்சளாகி வந்தார்கள். பழைய கோப்பைப் புரட்டியபோது முதல் பயாப்சி அறிக்கையின் இரண்டாவது பக்கத்தில் ‘ஹெர்2 மூன்று பிளஸ்’ என்று இருந்தது. ஹெர்2 என்பது புற்றணுவின் மேல் இருக்கும் ஒரு புரதம்; மூன்று பிளஸ் என்றால் அது மிக அதிகமாக இருக்கிறது என்று பொருள். அதற்கென்றே மருந்து இருக்கிறது. அந்தப் பக்கத்தை அதுவரை யாரும் அவர்களுக்குப் படித்துச் சொல்லியிருக்கவில்லை. வாங்கப் பணமும் மிஞ்சியிருக்கவில்லை.

உங்கள் கடிதத்தில் தமனியைப் பற்றி மூன்று பக்கம் இருக்கிறது. ஈஆர், பிஆர் (ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்களைப் பிடிக்கும் ஏற்பிகள் கட்டியில் இருக்கின்றனவா என்ற சோதனைகள்), ஹெர்2 பற்றி ஒரு வரியும் இல்லை. நான் பயந்தது அங்கேதான்.

ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருக்கும் நோயென்றால், ஹார்மோன் மாத்திரையோடு ரிபோசிக்ளிப், பால்போசிக்ளிப் வகை மாத்திரையைச் சேர்த்து வீட்டிலிருந்தபடியே சாப்பிடலாம். மாதவிடாய் நின்ற பெண்களிடம் நடந்த ஒரு பெரிய ஆய்வில் ரிபோசிக்ளிப் சேர்த்தவர்களின் இடைநிலை ஆயுள் 63.9 மாதம், சேர்க்காதவர்களுக்கு 51.4. அக்காவுக்கு மாதவிடாய் நிற்கவில்லை என்றால் சினைப்பையின் வேலையை நிறுத்தவும் ஊசி உண்டு. பால்போசிக்ளிப்பின் காப்புரிமை இந்தியாவில் 2023 தொடக்கத்தில் முடிந்ததால் பல நிறுவனங்கள் அதைத் தயாரிக்கின்றன, விலை வெகுவாக இறங்கிவிட்டது. ஹெர்2 மூன்று பிளஸ் என்றால் ட்ராஸ்டுசுமாப். அதன் நகல் மருந்துக்கு இந்தியாவில் 2013ன் இறுதியிலேயே அனுமதி கிடைத்தது. அதனோடு பெர்டுசுமாபும் கீமோதெரபியும் சேர்த்த ஆய்வில் எட்டு ஆண்டு கழித்தும் நூற்றுக்கு 37 பேர் உயிரோடு இருந்தார்கள். பரவிய நோயில் இப்படி ஓர் எண்ணை நான் வேலைக்குச் சேர்ந்த நாளில் யாரும் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

‘கட்டிக்கு நேராகக் கீமோதெரபி’ என்ற கனவை நிறைவேற்றிய மருந்து இந்தக் குடும்பத்திலிருந்துதான் வந்திருக்கிறது. ட்ராஸ்டுசுமாப் டெருக்ஸ்டிகான் என்று பெயர். ஹெர்2ஐத் தேடிப் போய் ஒட்டும் புரதத்தின் முதுகில் எட்டுக் கீமோதெரபி மூலக்கூறுகளைக் கட்டி அனுப்புகிறார்கள். புற்றணு அதை உள்ளே இழுத்துக்கொண்டதும் கட்டு அறுந்து மருந்து வெளியே வருகிறது. கைச்சிரையில் ஏற்றினால் போதும். மார்பில் இருந்தாலும் ஈரலில் இருந்தாலும் எலும்பில் இருந்தாலும் அது தேடிப் போகும். 2022ல் வந்த முடிவுப்படி, ஹெர்2 ‘ஒரு பிளஸ்’ என்று முன்பு ஒதுக்கப்பட்டவர்களுக்கும் இது உதவுகிறது: ஆயுள் 16.8 மாதத்திலிருந்து 23.4 ஆனது. விலை கடுமையாகத்தான் இருக்கிறது. நுரையீரலில் அழற்சி வரலாம் என்பதால் புது இருமலைக்கூட உடனே சொல்ல வேண்டும். ஈஆர், பிஆர், ஹெர்2 என்ற மூன்று ஏற்பிகளும் இல்லாத நோயென்றால் சசிடுசுமாப் கோவிடிகான் என்று இதே வகையில் வேறொன்று உண்டு. நிலத்தை விற்றே தீர வேண்டும் என்ற நாள் வந்தால், இப்படிப்பட்ட மருந்துக்காக விற்பதைப் பற்றி மருத்துவரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

தமனி வழி மருந்துக்கு அக்காவின் சிகிச்சையில் இடமே வராதா? வரலாம். மற்ற இடங்கள் எல்லாம் அடங்கி, ஈரல் மட்டும் அடங்காமல் நிற்கும் நிலை சிலருக்கு வருகிறது. ஈரலில் வளரும் கட்டிகள் பெரும்பாலும் தமனி ரத்தத்தில் பிழைப்பவை. ஈரலின் நல்ல பகுதிக்கு ரத்தம் பெரும்பாலும் குடலிலிருந்து வரும் சிரை வழியாகக் கிடைக்கிறது. அதனால் தமனியில் மருந்து கொடுத்து அடைப்பது அங்கே பொருள் உள்ள முயற்சி. அதைச் செய்யும் கதிரியக்கத் துறைகள் நம் ஊர்ப் பெரிய மருத்துவமனைகளிலேயே இருக்கின்றன. தோலில் பரவும் முடிச்சுகளுக்கு, ப்ளியோமைசின் கொடுத்துவிட்டு அந்த இடத்தில் மட்டும் நொடிக்கும் குறைந்த மின்துடிப்புகளைச் செலுத்தும் முறையும் நல்லது. சாதாரணமாகப் புற்றணுவுக்குள் நுழையவே தயங்கும் அந்த மருந்து, மின்துடிப்பில் அதன் மேல்சவ்வு திறக்கும் கணத்தில் உள்ளே போய்விடுகிறது.

இன்றைக்கு அக்காவை வாட்டுவது புண்ணும் அதன் வாடையும் என்று எழுதியிருந்தீர்கள். வாடையால்தான் அவர் பேரக்குழந்தையைத் தூக்க மறுக்கிறார் என்ற வரியைப் படித்தபோது எனக்குத் தாங்கவில்லை. அதற்கு வெளிநாடு வேண்டாம். மருத்துவரிடம் கேட்டு மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணின் மேல் தூவுங்கள், அல்லது அதே மருந்தின் ஜெல்லைப் பூசுங்கள். நான்கைந்து நாளில் வாடை குறையும். கட்டு மாற்றுவதற்கு அரை மணி நேரம் முன் வலி மாத்திரை கொடுங்கள். பழைய துணியைப் பிய்த்து இழுக்காதீர்கள். சலைன் ஊற்றி ஊறவிட்டால் தானே கழன்று வரும். ஒட்டாத வலைத்துணியைப் புண்ணின் மேல் போட்டு, அதற்கு மேல் பஞ்சை வையுங்கள். ரத்தம் கசிந்தால் பதறாமல் பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். கருநிறத் துண்டு ஒன்று பக்கத்தில் இருக்கட்டும், சிவப்பைப் பார்த்து அவர் பயப்படமாட்டார். கசிவு நிற்கவில்லை என்றால் சில நாள் கதிர்வீச்சு கொடுத்தால் புண் வறண்டுவிடும். முதுகெலும்பில் பரவல் இருப்பதால் ஒன்றைக் கண்டிப்பாகக் கவனியுங்கள்: கால் தளர்ந்தாலோ, மரத்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ அன்றைக்கே, இரவானாலும், மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

நாளைக்கு முதல் வேலையாக, பயாப்சி எடுத்த இடத்துக்குப் போய் அக்காவின் மெழுகு பிளாக்கையும் கண்ணாடித் தகடுகளையும் கேளுங்கள். விரல் நுனி அளவு மெழுகுக் கட்டி, நடுவில் அக்காவின் திசு இருக்கும். சீட்டில் எண் எழுதியிருக்கும். எழுதிக் கொடுத்து, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளலாம். ஈஆர், பிஆர், ஹெர்2 செய்யவில்லை என்றால் அதிலேயே செய்யலாம்; ஈரலிலிருந்து புதிதாக ஒரு பயாப்சி வேண்டுமா என்றும் மருத்துவரைக் கேளுங்கள். முடிவு வந்ததும் அந்த இரண்டாவது பக்கத்தை எனக்குப் படம் எடுத்து அனுப்புங்கள், தம்பி.